வெட்டிய கட்டை பிளந்துவிட்டது, என்ன தப்பு?

கேள்வி: ஹேசல் என்னும் கொட்டைப் புதரை அடியோடு வெட்டி மறுபடி தழைக்கவிடும் வேலையைக் கைக்கருவிகளால் பழகுகிறேன். நேற்று கம்பை வெட்டியபோது, மறுபடி தழைக்க வேண்டிய அடிக்கட்டை நடுவே பிளந்துவிட்டது. அரிவாளை மேலிருந்து கீழாக வீசினேன்.

பதில்: தப்பு அதுதான். கீழிருந்து மேலாக வெட்டுங்கள். பிளந்தாலும் கம்புதான் பிளக்கும், கட்டை தப்பிக்கும். மணிக்கட்டுத் தடிமன் இருந்தால் ரம்பம்தான், வீம்பு வேண்டாம். வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், மழைநீர் வழிந்துவிடும். முதல் வருடம் இரண்டு கட்டைகளை அழுகவிட்டவன் சொல்கிறேன்.

பதில்: இலை உதிர்ந்த பிறகு, மொட்டு விரியுமுன் வெட்டினீர்களா? அப்புறம் கட்டைமேல் முள் போட்டு மூடுங்கள், மான் துளிரை விடாது.

கேள்வி கேட்டவர்: மொட்டு இன்னும் விரியவில்லை. பிளந்ததை என்ன செய்ய?

பதில்: பிளவுக்குக் கீழே ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். அடுத்த வெட்டு 7 முதல் 10 வருடம் கழித்து.