ஒரு முகம், இரண்டு நடிகைகள்: டீட்ரா ஹாலின் புகழில் ஆண்ட்ரியாவுக்குப் பங்கு உண்டா?

கண்டனூர் வளவு:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, 1965-இல் தொடங்கி அரை நூற்றாண்டைக் கடந்து ஓடும் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ என்ற பகல்நேரத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். கதை நடக்கும் ஊரின் பெயர் சேலம். நம் சேலம் அன்று, கற்பனை ஊர். அதில் மனநல மருத்துவர் மார்லினா எவன்ஸாக 1976 முதல் நடித்துவருபவர் டீட்ரா ஹால். 1947 அக்டோபர் 31 அன்று பிறந்த அவருக்கு ஆண்ட்ரியா என்ற இரட்டைச் சகோதரி உண்டு.

டீட்ரா சேர்ந்த அடுத்த ஆண்டே, மார்லினாவுக்கும் ஓர் இரட்டைச் சகோதரி இருப்பதாகக் கதை எழுதி, சமாந்தா என்ற அந்தப் பாத்திரத்தை ஆண்ட்ரியாவிடம் கொடுத்தார்கள். சமாந்தா வாய்ப்புக் கிடைக்காத நடிகை. சகோதரியின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டு, அவளை மனநல விடுதியில் அடைத்துவிட்டு, அவளுடைய இடத்தில் தானே வாழப் பார்க்கிறாள். 1982-இல் ஒரு கொலைகாரன் கையில் அந்தச் சமாந்தா இறக்கிறாள். இறந்தவள் மார்லினா என்று நம்பிய மக்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் குமுறினார்கள், வீதியிலும் இறங்கினார்கள். இறந்தவள் சமாந்தாதான் என்று தெரிந்ததும் அந்தக் கொந்தளிப்பு அடங்கிவிட்டது.

என் மனத்தை அறுப்பது அந்த அடங்கல்தான். சில ஆண்டுகள் அந்த மக்களின் வீட்டுத் திரைகளில் வாழ்ந்த இன்னொரு நடிகையின் பாத்திரம் இறந்தது, ஊருக்கு ஆறுதலான செய்தியாகிவிட்டது. டீட்ரா ஹாலின் புகழைப் பேசும்போது ஆண்ட்ரியாவின் உழைப்பையும் அதில் ஒரு பங்காக எண்ண வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பள்ளத்தூரான்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். உங்கள் வருத்தம் புரிகிறது; ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. மக்கள் அழுதது மார்லினாவுக்காக. நல்ல பாத்திரம் பிழைத்துவிட்டது என்று கேட்டு மகிழ்வது எந்தக் கதையிலும் இயல்பானது. அதைக் கொண்டு ஒரு நடிகைக்கு அநீதி நடந்ததாகக் கூற இயலாது.

டீட்ராவின் தொழில்வாழ்வைச் சற்று வரிசையாகப் பாருங்கள். அதே 1976-இல் சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நிகழ்ச்சியில் ‘எலக்ட்ரா வுமன்’ என்ற வீரநாயகியாக நடித்தார். 1986 முதல் 1988 வரை ‘அவர் ஹவுஸ்’ என்ற இரவுநேரத் தொடரில், கணவரை இழந்து மூன்று குழந்தைகளுடன் மாமனார் வீட்டில் வாழும் பெண்ணாக நடித்தார்; இரண்டு தொடர்களையும் சில காலம் ஒருசேரச் சுமந்து, 1987-இல் பகல்நேரத் தொடரிலிருந்து விலகி, 1991-இல் திரும்பினார். 1994-95-இல் மார்லினாவைப் பேய் பிடிப்பதாக எழுதினார்கள். பலரும் கேலிக்கிடமாக்கியிருக்கக்கூடிய அந்தக் கதையைக் குரலாலும் கண்களாலும் நம்பவைத்தார். 2009-இல் தொடரிலிருந்து நீக்கப்பட்டார், 2011-இல் மீண்டும் அழைக்கப்பட்டார். இவற்றில் எந்த இடத்தில் அவரைத் தாங்கி நின்றது சகோதரியின் முகம்? இரட்டையர் கதை அவருடைய நெடும்பயணத்தில் ஓர் அத்தியாயம் மட்டுமே.

ரஸ்தா கேமரா:

நான் தொடர்களுக்கு ஒளிப்பதிவு உதவியாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏ.வி.எம். நிறுவனத்தார் சென்னைக்குப் போகுமுன் படம் எடுத்த தேவகோட்டை ரஸ்தாவுக்கு அருகில் பிறந்ததால், இரட்டை வேடக் காட்சி எப்படி எடுக்கிறார்கள் என்பது சிறுவயதிலிருந்தே எனக்குப் பேச்சுப் பொருள். 1940-இல் வந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரு வேடங்களில் நடித்தார். அக்காலத்தில் கேமரா வில்லையின் (லென்ஸின்) ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுத்து, படச்சுருளைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பதே முறை. இரண்டு பாதிகளும் சேரும் கோட்டை எவரும் தாண்டக்கூடாது. கேமரா அசையவும் கூடாது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு காட்சி எடுத்தோம். தேக்குத் தூண் ஒன்றைப் பிரிகோடாக வைத்துக்கொண்டால் ஒட்டு தெரியாது என்று மூத்தவர் சொல்ல, அப்படியே செய்தோம். நடிகை புடவை மாற்றி, தலையை வேறு விதமாகச் சீவி வருவதற்குள் முற்றத்தில் வெயில் நகர்ந்து தூணின் நிழல் அடுத்த பக்கம் சாய்ந்துவிட்டது. விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் சரிவராமல், பாதி நாள் கால்ஷீட் அந்த ஒரு காட்சிக்கே போயிற்று.

இப்போது அந்த அமெரிக்கத் தொடரை எண்ணுங்கள். 1975 முதல் அது வார நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒளிபரப்பான தொடர். அங்கே அரை நாளை ஒரு காட்சிக்குக் கொடுக்க எவராலும் இயலாது. உண்மையான இரட்டைச் சகோதரி இருந்தால் இருவரும் எதிரெதிரே நிற்கலாம், ஒருவர் தோளை ஒருவர் தொடலாம், கேமராவும் இருவரையும் சுற்றி வரலாம். ஆண்ட்ரியாவை அழைத்ததற்கு இது வலுவான காரணமாக இருந்திருக்கும் என்றே தொழில் அறிந்தவன் சொல்வான். அவருக்கு வாய்ப்பைக் கொடுத்தது அந்த முகம். சில ஆண்டுகள் வேலையும் பெற்றார். இதில் அநீதி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டனூர் வளவு:

தம்பி, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். தயாரிப்பாளருக்கு அரை நாள் மிச்சமாயிற்று. டீட்ராவுக்கு எதிரே வெற்றுச் சுவர் இல்லாமல், பதில் பேசும் ஓர் உயிர் கிடைத்தது. எதிரில் நிற்பவர் கண்களைப் பார்த்து நடிப்பதற்கும் தூணைப் பார்த்து நடிப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியாததன்று. மார்லினா என்ற பாத்திரம் வேரூன்றிய முதல் ஆண்டுகளில் அவளுக்கு எதிரியாக நின்று அவளை நல்லவளாகக் காட்டியவள் சமாந்தா. அந்த எதிரியை உருவாக்கிய நடிப்பு ‘முகம் ஒத்திருந்தது’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகலாமா?

2000-இல் ஆண்ட்ரியா மீண்டும் அழைக்கப்பட்டார். எந்தப் பாத்திரத்துக்கு என்றால், மார்லினாவைப் போலத் தோன்றும்படி முகத்தை அறுவைச் சிகிச்சையால் மாற்றிக்கொண்ட ஹாட்டி ஆடம்ஸ் என்ற பெண்ணாக! பிறவியிலேயே அந்த முகத்தோடு பிறந்தவர், அதே முகத்தைக் கடன் வாங்கியவளாக நடிக்க வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நானும் ஓர் இரட்டைப் பிறவி. எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், திருமணம் என்று கூடினால், பட்டாலைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் “நீ பெரியவளா, சின்னவளா?” என்று கேட்ட பிறகே நலம் விசாரிப்பார்கள். ஒரு பொங்கலுக்கு என் தமக்கை விடியற்காலையில் எழுந்து போட்ட நடுவீட்டுக் கோலத்தைப் பார்த்துவிட்டு உறவினர் ஒருவர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான் விளக்கம் கூறுவதற்குள் அவர் அடுத்தவரிடம் பேசத் திரும்பிவிட்டார். அவளுடைய முகம் வாடியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பாராட்டைப் பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், பெறுபவருக்கும் அது சுமைதான். டீட்ராவைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

கோட்டையூர் மாணவி:

ஆச்சி சொல்வதற்கு இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1986 ஜூன் 13 அன்று பிறந்த மேரி-கேட், ஆஷ்லி ஓல்சன் சகோதரிகள், கைக்குழந்தைகளாக இருந்தபோதே ‘ஃபுல் ஹவுஸ்’ தொடரில் மிஷேல் என்ற ஒரே குழந்தையாக மாறி மாறி நடித்தார்கள். குழந்தைகளைப் படப்பிடிப்பில் இத்தனை நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால், ஒரு பாத்திரத்துக்கு இரட்டையரை அமர்த்துவது வழக்கம். அந்தச் சட்டம் நல்லது. ஆனால் பெயர்ப்பட்டியலில் பல ஆண்டுகள் இருவரின் பெயரையும் இடையில் ‘உம்’ இல்லாமல் ‘மேரி கேட் ஆஷ்லி ஓல்சன்’ என்று ஒரே ஆளின் பெயர்போல இட்டார்கள். நடிப்பவர்கள் இருவர் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமாம். 1987-இல் தொடங்கிய தொடர் 1995-இல் முடிந்தது. கடைசிப் பருவத்தில்தான் அவர்கள் இருவராக எழுதப்பட்டார்கள். ஒரு குழந்தை தன் பெயரைத் தானே படிக்கக் கற்ற வயதில், திரையில் அந்தப் பெயர் இன்னொருத்தியின் பெயரோடு ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைத்திருக்கும்?

பள்ளத்தூரான்:

தங்கச்சி குறிப்பிட்ட பெயர்ப்பட்டியல் தவறு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது ஒரே பாத்திரத்தைப் பங்கிட்ட குழந்தைகளின் நிலை. ஆண்ட்ரியா வளர்ந்தவர், தனிப் பாத்திரம், தனிப் பெயர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

இரட்டையராகப் பிறந்த நடிகைகள் எல்லோரும் ஒருவர் நிழலில் ஒருவர் தேய்ந்தார்கள் என்பதும் உண்மையன்று. ஜீன் சேகல், லிஸ் சேகல் என்ற இரட்டையர் 1984-85-இல் ‘டபுள் ட்ரபுள்’ தொடரில் இருவருமே நாயகிகள். தொடர் நெடுநாள் ஓடவில்லை. பின்னர் ஜீன் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கச் சென்றார். லிஸ் எழுதச் சென்றார். முகம் ஒன்றாக இருப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாமல் ஆளுக்கொரு தொழிலைத் தேடிக்கொண்டார்கள்.

ஹாட்டி பாத்திரத்தைப் பற்றியும் ஒரு செய்தியை ஆச்சி விட்டுவிட்டார். பின்னாளில் அந்தப் பாத்திரத்தையும் டீட்ராவே ஏற்று நடித்தார். நாகரிகமான மருத்துவரையும் வாய்த்துடுக்கான ஹாட்டியையும் ஒரே நடிகை வேறுபடுத்திக் காட்டினார். அவருடைய திறமைக்கு வேறு சான்று தேவையில்லை.

கண்டனூர் வளவு:

திறமையை நான் மறுக்கவே இல்லை, தம்பி. ஆண்ட்ரியா தொடராமல் போனதற்கு அவருடைய சொந்த முடிவுகூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பற்றி நான் ஊகிக்க மாட்டேன். நான் கேட்பது கணக்கு. எங்கள் பாட்டனார் வழியில் இரு சகோதரர்கள் இரட்டையராகப் பிறந்து, ஒரே முகூர்த்தத்தில் திருமணம் செய்துகொண்டவர்கள். கோயிலில் புள்ளி எழுதும்போது, அதாவது திருமணமானவர்களைக் கோயில் கணக்கில் சேர்க்கும்போது, முகம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு புள்ளியாக எழுதவில்லை. இரண்டு புள்ளி, இரண்டு வரி, மரியாதையும் இரண்டு பேருக்கு. மார்லினாவின் வளர்ச்சியை எழுதுகிறவர்கள் சமாந்தா இருந்த ஆண்டுகளுக்கு இரண்டு புள்ளி எழுதட்டும் என்கிறேன். எலக்ட்ரா வுமனிலும் பேய்க் கதையிலும் நான் பங்கு கேட்கவில்லை. அவை முழுவதும் டீட்ராவுடையவை.

ரஸ்தா கேமரா:

ஆச்சி இப்படி வரையறுத்துச் சொன்ன பிறகு என் நிலையைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். 1991-இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தில், நாயகி லிண்டா ஹாமில்டனின் உருவத்தை இயந்திர மனிதன் எடுத்துவரும் காட்சியில், இருவரையும் ஒரே சட்டகத்தில் காட்டுவதற்கு அவருடைய இரட்டைச் சகோதரி லெஸ்லியை நடிக்கவைத்தார்கள். அவர் நடிகையே அல்லர், செவிலியர். திரையில் சில கணங்கள்தான்; ஆயினும் பெயர்ப்பட்டியலில் அவருடைய பெயர் தனியாக இடம்பெற்றது. கானாடுகாத்தான் காட்சியில், எங்கள் நடிகைக்கு முதுகுகாட்டி நின்ற டூப் பெண்ணின் பெயரை நாங்கள் எங்கும் போடவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். வெயிலும் தூணும் நினைவிருக்கின்றன; அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவில்லை.

ஆயினும் அந்த ஆண்டுகளையும் சரிபாதியாகப் பிரிக்க நான் உடன்படவில்லை. மார்லினாவின் கதையே நடுவில் ஓடியது; நாள்தோறும் அதைச் சுமந்தவர் டீட்ரா.

கண்டனூர் வளவு:

சரிபாதி என்று நான் எங்கும் எழுதவில்லை, தம்பி. புள்ளி என்றால் ஆள் கணக்கு. சொத்துப் பிரிவினை அன்று. அந்த டூப் பெண்ணின் பெயரை உங்களோடு அன்று வேலை செய்த யாரிடமாவது விசாரித்துப் பாருங்கள். மேக்கப் போட்டவருக்கு நினைவிருக்கும்.