நிழல் சேர்த்த பக்கங்களில் மட்டும் நிறம் மங்கும் போர்ட்ஃபோலியோ

அடுத்த வாரம் நான் கலந்துகொள்ளும் வேலைவாய்ப்புப் பயிலரங்கில் போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) மதிப்பாய்வு நடக்கவிருக்கிறது. மதிப்பாய்வாளர்கள் எங்கள் கோப்பைத் தங்கள் மடிக்கணினியிலேயே திறந்து பார்ப்பார்கள்.

இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கி பிடிஎஃப் ஆக்கிய என் கோப்பில் சில பக்கங்கள் மட்டும் மங்கிவிடுகின்றன. பொதியுறை வடிவமைப்பைக் காட்டும் பக்கத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய ஆரஞ்சு, செங்கல் நிறமாகத் தெரிகிறது. அடுத்த பக்கத்திலோ அதே படம் சரியாக இருக்கிறது. நிழலோ ஒளிபுகு விளைவோ சேர்த்த பக்கங்களில்தான் இப்படி நேர்கிறது. ஆவணம் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற அமைப்பில் தொடங்கப்பட்டது. படங்கள் அனைத்தும் திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் உள்ளவை.

ஏற்றுமதியின்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் தெரிவைப் பயன்படுத்தியும், அக்ரோபாட்டிலும் உலாவியிலும், வேறொரு திரையிலும் திறந்து பார்த்தும் மாற்றமில்லை. நிழலை நீக்கினால் நிறம் திரும்புகிறது, ஆனால் பெட்டி மேசைமேல் நிற்கும் உணர்வு போய்விடுகிறது. அந்தப் படைப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. பக்கங்களைப் படமாக மாற்றினால், பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பு சிதைகிறது. எழுத்துரு நேர்த்தியைக் கூர்ந்து பார்ப்பவர்கள் முன் அப்படி வைக்க முடியாது.

நிழல்களை வைத்துக்கொண்டே எல்லாப் பக்கங்களிலும் ஒரே நிறம் வர, இன்டிசைனில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?