முல்லைப் பந்தலில் மணிப்புறாக் கூடு: மழைக்கு முன் ஏதாவது செய்யலாமா?

டைம் ஆபீஸ் (கடலூர்), அக்டோபர் 18

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றடியை ஒட்டிச் சவுக்குக் கழி நட்டு ஒரு முல்லைப் பந்தல் போட்டிருக்கிறேன். 2011 தானே புயலில் அங்கே நின்ற மாமரம் சாய்ந்த பிறகு வந்த பந்தல். அதன் வடக்கு மூலையில், என் தலைக்கு ஒரு சாண் மேலே, மணிப்புறா கூடு கட்டியிருக்கிறது. பின்கழுத்தில் கறுப்புப் பட்டை, அதில் கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள்.

கூடு என்று சொல்லவே கூசுகிறது. சவுக்கு மிளாறு இருபது முப்பது, எங்கள் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு நாலைந்து, அவ்வளவுதான். கீழே நின்று அண்ணாந்தால் இடுக்கு வழியாக முட்டை வெள்ளையாகத் தெரிகிறது. 8ஆம் தேதி ஒன்று, 10ஆம் தேதி இன்னொன்று.

பஞ்சாலை டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன், எதையும் குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலை ஒன்பதரைக்கு ஒன்று வந்து பந்தல் கழியில் நிற்கிறது. உட்கார்ந்திருந்தது எழுந்து போகிறது, வந்தது உட்காருகிறது. மாலை ஐந்துக்குள் மறுபடி மாற்றம். இதுவரை கால் மணிக்கு மேல் தாமதம் இல்லை. நானே இப்படி நேரத்துக்கு வேலைக்குப் போனதில்லை.

கவலை இதுதான். போன மாதம் இதே பந்தலில் கட்டிய கூட்டைச் செம்போத்து வந்து கெடுத்தது. முட்டையை உடைத்துக் குடித்ததைச் சமையலறை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன், ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. ஒரு காற்று அடித்தால் முட்டை உருண்டு கிணற்றடிச் சிமெண்டில் விழும். கீழே ஏதாவது கட்டலாமா? மேலே தகரம் போடலாமா? மனிதக் கை பட்டால் வாடை பிடித்துப் புறா கூட்டை விட்டுவிடும் என்கிறாள் என் மனைவி. அவள் அந்த மூலையில் பூப் பறிப்பதையே நிறுத்திவிட்டாள். முல்லை அங்கே மலர்ந்து தரையில் உதிர்கிறது. தீபாவளிக்குள் வெள்ளையடிக்க ஆள் வேறு சொல்லி வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை மாடித்தோட்டம்

ஐயா, பறவை பார்ப்பவர்கள் இதைப் புள்ளிப்புறா என்பார்கள். சின்னத் தவிட்டுப்புறா என்று இன்னொன்று உண்டு, அதற்குப் புள்ளி முன்கழுத்தில் இருக்கும். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே புள்ளிப்புறா மூன்று முறை முட்டையிட்டது. இரண்டு முறை குஞ்சு பறந்தது, ஒரு முறை பூனை.

உங்கள் ஒன்பதரை மணிக்காரர் ஆணாக இருக்கும். பகலில் ஆணும் இரவில் பெண்ணும் அடைகாப்பதுதான் புறாக்களின் வழக்கம். முட்டை பளிச்சென்று வெள்ளை, கூடோ சல்லடை. உட்கார்ந்திருக்கும் பறவையின் பழுப்பு முதுகைத் தவிர அதற்கு வேறு மறைப்பு இல்லை. அதனால்தான் ஒன்று வராமல் மற்றது எழுவதில்லை. நீங்கள் கிட்டே போய் அதை எழுப்பிவிட்டால் முட்டை திறந்து கிடக்கும். நீங்கள் அண்ணாந்து பார்க்கும்போது தென்னையில் இருக்கும் காகம் உங்களைப் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடைக் கதையை அம்மாவிடம் மறுத்துப் பேச வேண்டாம், அதனால் நன்மைதான். ஆனால் பறவை கூட்டை விடுவது வாடையால் அல்ல, பயத்தால். அதுவும் முட்டையிட்ட முதல் சில நாட்களில்தான் அதிகம். பத்து நாள் தாண்டிவிட்டதால் துணிந்து ஒரே ஒரு முறை செய்யலாம்: கூட்டுக்கு ஒரு சாண் கீழே, நீர் வடிய ஓட்டை உள்ள கூடை ஒன்றைக் கழியோடு கட்டுங்கள். கூட்டைத் தொடாதீர்கள். மேலே எதுவும் வேண்டாம்.

கெடிலக்கரை

நான் வேறு மாதிரி சொல்வேன். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். எங்கள் மருதாணியில் கூடு வைத்த புறாவுக்கு மழை படுகிறதே என்று பழைய குடையை விரித்துக் கட்டினேன். மறுநாள் காலை குடை இருந்தது, முட்டை இருந்தது, புறா இல்லை. மூன்று நாள் காத்திருந்தேன். அந்தக் குடையை இன்றுவரை விரிக்க மனம் வரவில்லை.

வெள்ளையடிக்க வருபவர், 'கூட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம் சார்' என்பார். விடாதீர்கள். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும்.

டைம் ஆபீஸ், அக்டோபர் 21

இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டேன். தகரம் வேண்டாம் என்று விட்டேன்; காய்கறி கழுவும் கூடையைக் கட்டினேன். ஸ்டூல் போட்டு மெதுவாக ஏறினேன். புறா எழவில்லை. ஆரஞ்சு நிறக் கண் இமைக்காமல் என்னையே பார்த்தது. கயிற்றை முடிச்சிடும்போது கை கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும், ஒரு சிறகைத் தூக்கி என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி. இவ்வளவு சிறிய உடம்பில் அத்தனை வலு இருக்கும் என்று நினைக்கவில்லை. 'நல்லா வேணும்' என்று கீழேயிருந்து ஒரு குரல்.

நேற்றிரவு நல்ல மழை. புறா அசையவில்லை. காலையில் நனைந்த இறகுகள் முள் முள்ளாக நிற்க, அதே இடத்தில்.

குஞ்சு பொரித்தால் ஊறவைத்த அரிசி வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறாள்.

லாஸ்பேட்டை மாடித்தோட்டம்

வேண்டவே வேண்டாம் ஐயா. புறாக்களுக்குத் தொண்டைப் பையில் பால் போல ஒன்று சுரக்கும், தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் விட்டு அதைக் குடிக்கும். முதல் சில நாள் அதுதான் ஆகாரம். பிறகு பையில் ஊறிய தானியம் கலந்து வரும். அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது என்றால் கிணற்றடியில் பெரியவர்களுக்கு ஒரு பிடி கம்பு இறைக்கச் சொல்லுங்கள், கூட்டிலிருந்து தள்ளி. மற்றப் பறவைகளைப் போல வாயில் அள்ளித் தலையை அண்ணாந்து விழுங்காமல், அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிப்பதையும் அப்போது பார்க்கலாம்.

டைம் ஆபீஸ், அக்டோபர் 26

நேற்று முன்தினம் துளசி மாடத்துப் பக்கம் பாதி முட்டை ஓடு கிடந்தது. எங்கிருந்தோ உடைந்து விழுந்தது என்று வயிற்றைக் கலக்கியது. ஓரம் வட்டமாக, கத்தரித்தாற்போல் இருந்ததால் நிம்மதி: குஞ்சு உடைத்து வெளிவந்த ஓட்டைப் பெரியது தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. மனைவி அதை எடுத்து ஏலக்காய் டப்பாவில் வைத்திருக்கிறாள், ஏன் என்று கேட்கவில்லை. இன்று காலை மாற்றத்தின்போது ஒரு நொடி தெரிந்தது: கண் திறக்காத இரண்டு உருண்டைகள், மேலே மஞ்சள் நூல் ஒட்டியதுபோல் மயிர். அழகு என்று சொல்ல முடியாது.

கெடிலக்கரை அவர்களுக்கு: வெள்ளையடிப்பவரை முன்பக்கம் மட்டும் முடிக்கச் சொல்லிவிட்டேன். கிணற்றடிச் சுவர் பொங்கலுக்கு. கூடையில் இதுவரை விழுந்தது முல்லைப் பூக்களும் இரண்டு ஈர்க்கும்தான்.

இன்று ஆண் வந்தது 9.52. மழை. தாமதம் என்று எழுதவில்லை.