தாடை மூட்டு வலிக்குப் பல் கம்பி போடலாமா? புனைபெயர்களில் நால்வர் விவாதம்

வளைகம்பி:
தாடை மூட்டு வலி என்று வருகிறவரிடம் ஒரு ஸ்பிளின்டைக் (பற்களின் மேல் மாட்டும் தகடு) கொடுத்து அனுப்பிவிடுவது அரைகுறை வைத்தியம் என்பது என் கட்சி. ஒரு பக்கக் கடைவாயில் குறுக்குக் கடி (மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்பக்கமாக விழுவது) இருக்கிறது என்று வையுங்கள். வாயை மூடும்போது முதலில் ஒரே ஒரு பல் இடிக்கிறது. அந்த இடியிலிருந்து தப்பிக்கக் கீழ்த்தாடை 2 மி.மீ. பக்கவாட்டில் சறுக்கிப் போய் உட்காருகிறது. ஒரு பக்க கான்டைல் (கீழ்த்தாடை எலும்பின் மூட்டு முனை) முன்னே, மறுபக்கம் பின்னே. தினமும் இப்படியே மென்றால் மூட்டும் தசையும் எத்தனை நாள் தாங்கும்? பற்களை நகர்த்திக் கடியைச் சீராக்குவதுதான் காரணத்தைத் தொடும் சிகிச்சை.

கீல்மூட்டு:
பழைய வாதம் இது. கடைவாய்ப் பற்களை இழந்து கடி தாழ்வதால்தான் காதருகே வலி என்று 1934இல் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் நிற்கவில்லை. கடியைப் பழிசொல்லும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. குறுக்குக் கடியோடு வலியே இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். வரிசை தப்பாத பற்கள் உள்ளவர்களும் இதே வலியோடு வருகிறார்கள்.

சாதாரணமாக மேல், கீழ்ப் பற்கள் தொடும் நேரம் ஒரு நாள் முழுவதும் சேர்த்தால் 20 நிமிடம் அளவுதான். பல் எப்படிப் பொருந்துகிறது என்பதைவிட, ஆள் எத்தனை மணி நேரம் பல்லைக் கடித்தபடியே இருக்கிறார் என்பதுதான் தசையை வதைக்கிறது. கம்பி அந்தப் பழக்கத்தை மாற்றாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2010 தொகுப்பும், இந்த வலிக்குக் கம்பி போடுவதற்கு ஆதாரமாகக் கொள்ளும்படி ஆய்வுத் தரவு இல்லை என்றே முடித்தது.

வளைகம்பி:
தரவு போதவில்லை என்றுதான் அது சொல்கிறது. பலிக்காது என்று சொல்லவில்லையே. கம்பி போட்ட சில வாரங்களிலேயே வலி குறைவதை ஆர்த்தோடான்டிஸ்டுகள் (பல் சீரமைப்பு மருத்துவர்கள்) வழக்கமாகப் பார்க்கிறார்கள்.

கீல்மூட்டு:
"சில வாரங்களிலேயே" என்கிறீர்களே, அதுதான் உங்கள் வாதத்தையே கவிழ்க்கிறது. அதற்குள் கடி எங்கே மாறியிருக்கும்? மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பி முன்பற்களை வரிசைக்குக் கொண்டுவரத் தொடங்கியிருக்கும், அவ்வளவே. கடைவாய்க் கடி முழுதும் அமைய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

வலி குறைந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. கம்பி இறுக்கிய முதல் சில நாள் பல் நோகும், அழுத்திக் கடிக்க முடியாது, தசைக்குத் தானாக ஓய்வு கிடைக்கும். மேலும் இது ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மருத்துவரைத் தேடுவார். அடுத்து வருவது எப்படியும் இறக்கம்தான். அந்தப் புகழ் கம்பிக்குப் போய்விடுகிறது.

இயன்முறை:
எது வலிக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய 2014இல் வெளியான டிசி/டிஎம்டி முறைப்படி, மசீட்டர் (கன்னம்), டெம்பொராலிஸ் (நெற்றிப்பொட்டு) தசைகளை ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தில் 2 விநாடி அமுக்கிப் பார்க்க வேண்டும். "இதுதான் எனக்கு வழக்கமாக வரும் வலி" என்று அவர் சொன்னால் தசை வலி. காதுக்கு முன்னால் கான்டைலின் மேல் அமுக்கும்போது அதே வலி வந்தால் மூட்டு. வலியில்லாத சொடக்குச் சத்தத்துக்கு மட்டும் சிகிச்சை தேவையில்லை. முன்பு சொடக்கிய மூட்டு திடீரென மௌனமாகி, கையால் உதவித் திறந்தாலும் வாய் 40 மி.மீ.க்குக் குறைவாகவே திறந்தால் (முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவையும் சேர்த்து), மூட்டுக்கு நடுவே உள்ள டிஸ்க் என்ற மெத்தைத் தகடு முன்னே மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்ட ஆரம்பிப்பது வேண்டாத வேலை.

தசை வலியே அதிகம் காணப்படுவது. உதடு மூடி, பற்கள் விலகி, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் பட்டபடி தாடையை வைக்கப் பழக்குவது, ஈர வெந்நீர் ஒத்தடம் 15–20 நிமிடம், கண்காணிப்போடு தாடைப் பயிற்சி: தொடக்கம் இதுதான்.

வளைகம்பி:
சரி, ஸ்பிளின்ட் போட்டு வலி போய்விட்டால்? கடிதான் காரணம் என்று உறுதியாகிவிட்டதே. அந்த நிலையிலேயே பற்களைக் கொண்டுவந்து நிறுத்துவது இரண்டாம் கட்டம்.

கீல்மூட்டு:
உறுதியாகாது. கடிக்கும் பரப்பையே தொடாமல் அண்ணத்தை மட்டும் மூடும் தகடு போட்டவர்களுக்கும் வலி குறைந்திருக்கிறது.

ஸ்பிளின்ட் என்றாலே ஒன்றல்ல. கடினமான அக்ரிலிக், எல்லாப் பற்களையும் மூடியது, 2–3 மி.மீ. தடிமன், இரவில் மட்டும்: இது ஓரளவு பாதுகாப்பானது. பாதிப் பற்களை மட்டும் மூடினால், மூடாத பற்கள் மெல்ல மேலெழும்பும். தாடையை முன்னே இழுத்து வைக்கும் வகையை 24 மணி நேரமும் மாதக்கணக்கில் போட்டால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். பிறகு அதை மூடக் கம்பி! சிகிச்சையே உண்டாக்கிய கோளாறுக்கு இரண்டாம் கட்டம் என்று பெயர் வைத்தால் என்ன சொல்ல? பிஎம்ஜே மருத்துவ இதழின் 2023 வழிகாட்டுதல் கழற்றக்கூடிய ஸ்பிளின்டையே தயக்கத்தோடு வேண்டாம் என்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளின்டை அழுத்தமாகவே மறுக்கிறது.

கேள்வியன்:
முன்பற்கள் முன்பு தொட்டன, இப்போது ஒரு வருடமாகத் தொடவில்லை, மூட்டிலும் வலி. இப்படி ஒருவர் வந்தால்? அங்கே கடிதானே கண்ணுக்குத் தெரியும் கோளாறு?

வளைகம்பி:
இதில் நானும் கம்பியைத் தொடமாட்டேன். கடி தானாகத் திறக்கிறது என்றால் கான்டைல் தேய்ந்து குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இளம் பெண்களிடம் இது அதிகம். சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்து, சில மாதம் விட்டு இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும். மூட்டுவாத நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் தேவை. தேய்மானம் நின்றது உறுதியாகாமல் எலாஸ்டிக் (ரப்பர் வளையம்) மாட்டி மூடினால் மறுபடியும் திறக்கும்.

ஆனால் வளரும் பிள்ளைக்குக் குறுக்குக் கடியும் தாடைச் சறுக்கலும் இருந்தால் மேல்தாடையை விரிக்கத்தான் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கீல்மூட்டு:
விரியுங்கள். முகம் கோணாமல் வளரவும் பற்கள் தேயாமல் இருக்கவும் அது நல்லது. ஒப்புதல் படிவத்தில் "மூட்டு வலி வராமல் தடுக்க" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இயன்முறை:
பல் வரிசைக்காகவே கம்பி போடுகிறவருக்கு வலி வரலாறு இருந்தால், தொடங்கும் முன்பே வாய் திறக்கும் அளவு, சொடக்கு, வலிக்கும் இடங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் வலி கிளம்பினால் முதலில் எலாஸ்டிக்கை நிறுத்துங்கள். விசை கொடுக்காத கம்பியை மட்டும் விட்டு, வலி அடங்கும்வரை பல்லை நகர்த்தாதீர்கள். குறிப்பாகக் கீழ்த்தாடையைப் பின்னே இழுக்கும் வகுப்பு மூன்று எலாஸ்டிக்கில் கவனம்.

வளைகம்பி:
கீழ்த்தாடையை முன்னே இழுக்கும் வகுப்பு இரண்டு எலாஸ்டிக்கையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்திய பிறகு தாடை பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்க்காமல் கம்பியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.