ஸ்டீரியோ ரிப்பன் மைக்கில் வீணை பதிவு: ஃபோனில் கேட்டால் மிருதங்கம் காணாமல் போகிறது, உதவி தேவை

குடந்தைவீணை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் வீணையை வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. இடது கை ஆள்காட்டி விரலில் மூட்டுவலி வந்து வந்து போகிறது. வலி இல்லாத நாளில் வாசிப்பதைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை இது.

நண்பர் ஒருவர் தன் ஸ்டீரியோ ரிப்பன் மைக்கை ஒரு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே உடம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரிப்பன்கள் (சத்தத்தில் அதிரும் மெல்லிய உலோகத் தகடு), 90 டிகிரி திருப்பி வைத்தது. ஐந்து பின் எக்ஸ்எல்ஆர் பிளக், அதிலிருந்து இரண்டு மூன்று பின் கேபிளாகப் பிரிகிறது. பாஸிவ் மைக், உள்ளே மின்சுற்று எதுவும் இல்லை. என் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சாதாரண இரண்டு சானல், அதிகபட்ச கெயின், அதாவது பெருக்கும் அளவு, 56 டெசிபல்.

இடம், எங்கள் வீட்டு நடுக்கூடம். சிவப்பு சிமெண்ட் தரை, ஓட்டுக் கூரை. அம்மாவுக்கு முன்னால் ஒன்றரை அடியில் மைக், முகப்பு வீணையின் குடத்தைப் பார்த்தபடி. மிருதங்கம் வாசிக்கும் அண்ணன் மைக்கின் இடது பக்கம், மைக்குக்கு நேர் வரிசையில், மூன்றடி தள்ளி உட்கார்ந்தார். அம்மாவின் விரல் அவருக்குத் தெரிய வேண்டும், அதனால் அந்த இடம்.

ஹெட்ஃபோனில் கேட்டால் வீணை அழகாக இருக்கிறது. நகம் தந்தியில் படும் சத்தம்கூட உறுத்தவில்லை. மிருதங்கம் மட்டும் என்னமோ போல இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, காதுக்குள் அடைத்த மாதிரி. சித்தியின் ஃபோனுக்கு அனுப்பினேன். அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். "மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிக்கிறார்களா?" என்று கேட்டார். நானும் போட்டுப் பார்த்தேன், உண்மைதான். தொப்பி (மிருதங்கத்தின் இடது முகம்) துளியும் கேட்கவில்லை. வலந்தலையின் (வலது முகம்) எதிரொலி மட்டும் எங்கோ கேட்கிறது.

இன்னும் இரண்டு குறை. கார்வை (நீளும் நாதம்) அடங்கும்போது ஹிஸ் (உஸ்ஸென்ற இரைச்சல்) மேலே வந்துவிடுகிறது. மந்தர ஸ்தாயிக்கு (தாழ்ந்த சுரங்களுக்கு) இறங்கினால் குடம் உறுமுகிறது.

நேற்று அம்மா வாசித்த தோடி ராகத் தானம் (தாளக்கட்டு இல்லாமல் ராகத்தை விரிக்கும் பகுதி) அப்படி அமைந்தது. தானத்துக்கு மிருதங்கம் சேர்ந்து வாசிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இன்னொரு முறை அதே மாதிரி வருமா, சொல்ல முடியாது. அந்தப் பதிவைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

புதுக்காது

ஹிஸ் வருகிறது என்றால் மைக்குக்குப் போதிய பவர் இல்லை என்று நினைக்கிறேன். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தான் இருக்குமே, அதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு கண்டென்சர் மைக்கில் (பவர் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) அதுதான் பிரச்சினையாக இருந்தது.

ஒலிமேடை

குடந்தைவீணை, தயவுசெய்து அதைப் போடாதீர்கள். புதுக்காது சொன்னது கண்டென்சருக்குச் சரி, இதற்குப் பொருந்தாது. கேபிள் ஒழுங்காக இருந்தால் 48 வோல்ட் இரண்டு கம்பியிலும் சமமாக வரும், ரிப்பனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களுடையது ஐந்து பின்னிலிருந்து பிரியும் கேபிள். உள்ளே ஒரு கம்பி மாறியிருந்தாலோ, பவர் இருக்கும்போதே பிளக்கைச் சொருகினாலோ ரிப்பன் இழுபட்டுவிடும். அது இரண்டு மைக்ரான் அளவு அலுமினியத் தகடு. தலைமுடியே எழுபது மைக்ரான் பக்கம் இருக்கும், நினைத்துப் பாருங்கள். இரவல் மைக் வேறு.

முதலில் மிருதங்கத்தைப் பார்ப்போம். இடது, வலது இரண்டையும் கூட்டினால் ஒரு சத்தம் மறைகிறது என்றால் அந்தச் சத்தம் இரண்டு சானலிலும் எதிரெதிராகப் பதிந்திருக்கிறது. ஒன்றில் மேலே போகும் அலை மற்றதில் கீழே போகிறது. காரணம் இரண்டில் ஒன்றுதான்: கேபிளில் பின் 2, 3 மாறியிருக்கலாம், அல்லது ஆள் உட்கார்ந்த இடம்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மைக்கின் முகப்பைக் கூடத்தின் நடுவில் வையுங்கள். முகப்பு என்பது இரண்டு ரிப்பனுக்கும் நடுவில் உள்ள திசை, உடம்பில் குறி இருக்கும். மென்பொருளில் இரண்டு சானலையும் இடது கடைசி, வலது கடைசி என்று விரித்துவிட்டு, மாஸ்டரில் (மொத்த ஒலி வெளியேறும் இடத்தில்) இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மைக்கைச் சுற்றி நான்கடி வட்டத்தில் பேசிக்கொண்டே நடந்து வாருங்கள். எங்கே குரல் கேட்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று எழுதுங்கள். மின்விசிறி நிற்கட்டும். மைக்கில் ஊதிப் பார்க்கவே கூடாது.

குடந்தைவீணை

செய்து பார்த்தேன் சார். ஹெட்ஃபோனை நான் மாட்டினால் என் குரலே மண்டைக்குள் கேட்டுக் குழப்புகிறது. அதனால் அம்மாவின் தலையில் மாட்டிவிட்டு நான் நடந்தேன். தரையில் சாக்பீஸால் கடிகாரம் மாதிரி எண் போட்டுக்கொண்டேன். முகப்பு 12.

12-ல் நின்று "ஒன்று, இரண்டு" என்று எண்ணினேன், நன்றாகக் கேட்கிறது என்று அம்மா தலையாட்டினார். 11, 10 வரை சரி. 9-க்கு வந்தேன், அம்மா கையை விரித்துவிட்டார். எதிரில் நின்று வாயைத் திறந்து பேசுகிறேன், "குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது" என்கிறார். 8-ல் திரும்பி வந்தது. 6-ல், அதாவது மைக்குக்கு நேர் பின்னால், முன்னால் கேட்ட அதே அளவு. 3-ல் மறுபடி காணோம்.

அண்ணன் உட்கார்ந்திருந்தது சரியாக 9-ல்.

ஒலிமேடை

ரொம்பத் தெளிவாகச் செய்திருக்கிறீர்கள், அம்மாவுக்கும் என் வணக்கம். கேபிள் சரியாக இருக்கிறது. பின் மாறியிருந்தால் 12-லும் 6-லும் மறைந்து, 3-லும் 9-லும் கேட்டிருக்கும்.

உங்கள் மைக்கின் ஒவ்வொரு ரிப்பனும் எட்டு வடிவத்தில் கேட்கும். முன்னாலும் பின்னாலும் ஒரே பலம், பக்கவாட்டில் செவிடு. பின்னால் வரும் சத்தம் தலைகீழாகப் பதியும். இடது ரிப்பன் முன்-இடது மூலையைப் பார்க்கிறது, வலது ரிப்பன் முன்-வலது மூலையை. 12-லிருந்து இருபுறமும் 45 டிகிரிக்குள் உட்கார்ந்தவர் இரண்டு ரிப்பனுக்கும் முன்பக்கத்தில் இருக்கிறார். நேர் இடது பக்கம் உட்கார்ந்தவர் இடது ரிப்பனுக்கு முன்பக்கம், வலது ரிப்பனுக்குப் பின்பக்கம். அளவு சமம், திசை எதிர். கூட்டினால் பூஜ்யம். ஓட்டிலும் தரையிலும் பட்டு வந்த எதிரொலிதான் மிச்சம், உங்கள் சித்திக்குக் கேட்டது அதுதான்.

இந்த அமைப்பை ஆலன் பிளம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1931 டிசம்பரில் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்திலேயே விவரித்திருக்கிறார். 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து அவர் இறந்தபோது வயது 38. முன்னால் இருப்பவர்கள் எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்று கண்ணை மூடினால் தெரியும்படி பதிவு செய்வதில் இன்றைக்கும் இதற்கு இணையாக எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் 3-லும் 9-லும் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

இப்போது தோடி. அது போகவில்லை. இரண்டு சானலையும் கூட்டாமல் இடது சானலை மட்டும் எடுத்து மோனோவாக ஏற்றுமதி செய்யுங்கள். எதிரெதிராக இருப்பவை சேரும்போதுதான் அழியும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் வீணையும் இருக்கிறது, மிருதங்கமும் இருக்கிறது. வலதையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அண்ணன் 9-லிருந்து கொஞ்சம் முன்னே தள்ளி இருந்திருந்தால் வலதில் மிருதங்கம் சற்று அடங்கியிருக்கும். எந்தப் பக்கம் சமநிலை நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த ஸ்டீரியோ போய்விடும், வாசிப்பு முழுதாக நிற்கும்.

தொப்பிவலந்தலை

நான் மிருதங்கம் வாசிப்பவன், பதிவு வேலை அவ்வளவாகத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. மோனோவுக்காக எங்களை மைக்குக்கு முன்னால் 11-க்கோ 1-க்கோ நகர்த்தினால், வீணைக்குப் பக்கத்திலேயே ஒட்டி உட்கார வேண்டியிருக்கும். அப்போது வீணையின் மெட்டின்மேல் (தந்தியை அழுத்தும் இடம்) விரல் போவது தெரியாது. தானத்துக்குத் தாளம் கிடையாது, விரலையும் முகத்தையும் பார்த்துத்தான் பின்னால் போக முடியும். தோடியில் ஒரு இழுப்பு எங்கே முடியும் என்பது பல சமயம் தோளில்தான் தெரியும். அது தெரியாமல் வாசித்தால் பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயன் இல்லை. உங்கள் கடிகாரத்தில் 6 நன்றாகக் கேட்டது என்றீர்களே, அங்கே உட்காரக் கூடாதா?

ஒலிமேடை

தம்பி சொன்னதுதான் சரியான விடை. நான் 11, 1 என்று எழுத இருந்தேன், அதைவிட இது நல்லது. பின்பக்கம் இருப்பவர் இரண்டு ரிப்பனிலும் ஒரே மாதிரித் தலைகீழாகப் பதிவார், அதனால் கூட்டினாலும் அழிய மாட்டார். வீணை 12, மிருதங்கம் 6, இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து, நடுவில் மைக். ஒன்று நினைவிருக்கட்டும், பின்பக்கத்தின் இடது வலது மாறி வரும். 7-ல் உட்கார்ந்தவர் வலது காதில் கேட்பார்.

ஒருவர் சத்தத்தை மட்டும் பிற்பாடு ஃபேடரில் (சானலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானில்) சரிசெய்ய முடியாது, இருவரும் அதே இரண்டு சானலில்தான் இருக்கிறார்கள். தூரத்தால்தான் சரிசெய்ய வேண்டும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேரடிச் சத்தம் 6 டெசிபல் குறையும். வீணையை மூன்றடியில் வையுங்கள், மிருதங்கத்தை ஆறில் ஆரம்பித்துக் கேட்டுக் கேட்டு நகர்த்துங்கள்.

குடம் உறுமுவதும் இதிலேயே தீரும். எட்டு வடிவ மைக்குக்குக் கிட்டே போகப் போக அடிநாதம் வீங்கும், ஒன்றரை அடி மிகக் கிட்டே. தாழ்ந்த ஒலியை நீக்கும் லோ-கட் வடிகட்டியை 100 ஹெர்ட்ஸில் போட்டு வெட்டிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். மூன்று கட்டை சுருதி என்றால் மிகத் தாழ்ந்த அனுமந்தரத் தந்தியின் நாதம் 62 ஹெர்ட்ஸ் பக்கம், அதை வெட்டினால் வீணைக்கு அடித்தளமே போய்விடும்.

ஹிஸ்ஸுக்கு உங்கள் 56 டெசிபல் பத்தாது. வீணை மெல்லிய வாத்தியம், பாஸிவ் ரிப்பனும் மெல்லப் பேசும் மைக், மூன்றடிக்குத் தள்ளினால் இன்னும் கெயின் கேட்கும். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் சொருகும் சின்ன பூஸ்டர் கிடைக்கிறது, 20 முதல் 28 டெசிபல் வரை தரும். சானலுக்கு ஒன்று வீதம் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். இது 48 வோல்ட்டில் ஓடும், ஆனால் அதைத் தானே எடுத்துக்கொண்டு மைக்கின் பக்கம் விடாது. விடுகிற வகையும் விற்கிறது, வாங்கும்போது கேட்டு உறுதிசெய்யுங்கள். எல்லாம் சொருகி முடித்த பிறகு 48 வோல்ட், கழற்றும் முன் அதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம்.

புதுக்காது

நான் சொன்னது தவறு என்று புரிகிறது, மன்னிக்கவும். கூடம் எதிரொலிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? மைக் பின்னாலும் கேட்கிறது என்றால் அந்தச் சுவரும் சேர்ந்து பதியுமே?

ஒலிமேடை

நல்ல கேள்வி. பதியும். சுவரை ஒட்டி வைக்காமல் கூடத்தின் நடுவில் வைப்பதே பாதித் தீர்வு. 3, 9 பக்கச் சுவரில் பட்டு வருவதுதான் எதிரெதிராகப் பதிந்து ஹெட்ஃபோனில் குழப்பும், அதனால் இருக்கிற மெத்தையை அந்தப் பக்கங்களில் சாய்த்து வையுங்கள். வீணைக்கும் மைக்குக்கும் நடுவே தரையில் ஜமக்காளம். ஓட்டுக் கூரை சரிவாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான், கான்கிரீட் தளம் போலச் சத்தத்தை நேராகத் திருப்பி அடிக்காது.

குடந்தைவீணை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பூஸ்டர் வர நேரமாகிவிட்டது.

தோடியை முதலில் சொல்கிறேன். வலது சானல்தான் நன்றாக இருந்தது. மிருதங்கம் வீணைக்கு அரை அடி பின்னால் நிற்கிற மாதிரி. சித்தி ஃபோனில் முழுதும் கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

புதிய பதிவு நேற்று காலை ஐந்தரைக்கு. விசிறி போட முடியாது என்பதால் அந்த நேரம். வெயில் ஏறினால் மெட்டு பதித்த மெழுகும் இளகும், அம்மாவுக்கு அந்தக் கவலையும் உண்டு. வீணை 12-ல் மூன்றடி, அண்ணன் 6-ல். ஆறடியில் தொப்பி இன்னும் மேலே நின்றது, ஏழரை அடிக்குப் போனதும் அமைந்தது. எதிரெதிரே உட்கார்ந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், கச்சேரி மேடையில்கூட இப்படி முகம் பார்த்து வாசித்ததில்லை என்றார். மோனோவில் போட்டால் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஹிஸ் கார்வையின் கடைசியில்தான் லேசாகத் தெரிகிறது.

பதிவில் ஐந்தே முக்காலுக்குக் கோயில் மணி விழுந்திருக்கிறது. அம்மா அந்த இடத்தில் பஞ்சமத்தில் நின்று, மணி அடங்கும் வரை தாளத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டுத் தொடர்ந்திருக்கிறார். அதை வெட்டப் போவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அடுத்த பதிவு வரை மைக்கை ஸ்டாண்டிலேயே விடலாமா, பெட்டியில் படுக்க வைக்கலாமா?

ஒலிமேடை

படுக்க வைத்தால் நாளடைவில் ரிப்பன் தொய்யும், பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். ஸ்டாண்டில் விடுவதானால் மேலே துணி உறை போட்டு மூடுங்கள். உள்ளே பலமான காந்தம், தரைத் தூசியில் இருக்கும் இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும். உறையைக் கழற்றும்போது மெதுவாக, வெடுக்கென்று இழுத்தால் அந்தக் காற்றே ரிப்பனுக்கு அதிகம்.