கீசர் போட்டால் குழாய் சுள்ளென்கிறது: எர்த் குழியா, ஆர்.சி.சி.பி.யா?

குன்னூர்_மூடுபனி:
எடப்பள்ளிப் பக்கம் எங்கள் பழைய வீடு. கீசர் ஓடும்போது ஷவர் குழாயைத் தொட்டால் கையில் சுள்ளென்று ஏறுகிறது, நிறுத்தினால் இல்லை. வெளியே இருந்த ஜி.ஐ. பைப் துருப்பிடித்ததால் போன வருடம் அதை மட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் ஆக்கினோம். பாத்ரூம் சுவருக்குள் இன்னும் இரும்புதான். ஒரு எலெக்ட்ரீஷியன், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கப் புது எர்த் குழி வெட்டி, குழாய்களையெல்லாம் பச்சை வயரால் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் குழியே வேண்டாம், கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள் என்கிறார். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மெயின்போர்டு_மாமா:
தம்பி, முதலில் கீசர் எம்.சி.பி.யை (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் விழும் சுவிட்ச்) இறக்கி வை. அம்மா ரெண்டு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கட்டும். கோத்தகிரியில் வயரிங் செய்கிறவன் சொல்கிறேன், குழி சொன்ன ஆள் சொன்னதுதான் சரி. எர்த் நன்றாக இருந்தால் கரண்ட் அதில் இறங்கும், எம்.சி.பி. விழும், அவ்வளவுதான். பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடி. பளிச்சென்று எரிந்தால் எர்த் பாஸ்.

ஓம்_விதி:
மாமா, அந்தப் பல்புதான் ஏமாற்றுகிறது. 100 வாட் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 40 ஓம் இருந்தாலும் அதில் விழுவது 16 வோல்ட்தான், மிச்சம் 214 வோல்ட் பல்புக்குப் போய்விடும். பளிச்சென்றுதான் எரியும். அதே 40 ஓமில் கீசருக்குள் பேஸ் நேராகக் கீசரின் உலோக உடம்பைத் தொட்டால் 230-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆறு ஆம்பியர்கூட வராது. 3 கிலோவாட் கீசர் சாதாரணமாகவே 13 ஆம்பியர் எடுக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கீசர் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நின்றுகொண்டே இருக்கும்.

நீலகிரியில் மேல்மண் கொஞ்சம், அடியில் பாறை. ஆடி மழையில் அளந்தால் எர்த் நன்றாக இருக்கும். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் மேல்மண் காய்ந்துவிடும். கீசர் அதிகம் ஓடுவதும் அப்போதுதான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு இந்தத் தொல்லை இல்லை. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் விழ வேண்டும் என்பது கணக்கு. எர்த் 40 ஓம் என்றால் அந்தக் கசிவில் கீசர் உடம்பு ஒரு வோல்ட் சொச்சம்தான் ஏறியிருக்கும்.

மெயின்போர்டு_மாமா:
கணக்கு சரி. ஆனால் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது, அதைப் பைபாஸ் செய் என்று மழைக்காலத்தில் கூப்பிடுவது என்னைத்தானே?

வட்டக்கானல்_ஹோம்ஸ்டே:
மாமா பக்கம்தான் நானும். இங்கே கொடைக்கானலில் மூடுபனி நாலு நாள் நின்றால் ராத்திரி ஒரு மணிக்கு ஆர்.சி.சி.பி. விழுகிறது. எட்டு ரூமும் இருட்டு. விருந்தினர் திட்டுவதை யார் கேட்பது? எடுத்தே விட்டேன்.

ஓம்_விதி:
எட்டு ரூமுக்கும் ஒன்றே ஒன்றா? அப்படியானால் விழத்தான் செய்யும். தோட்டத்து விளக்கில் ஈரம், ஒவ்வொரு கீசரிலும் கொஞ்சம் கசிவு, எல்லாம் சேர்ந்து 30-ஐத் தொட்டுவிடும். தோட்டத்துக்குத் தனி, ரெண்டு பாத்ரூமுக்கு ஒன்று என்று பிரியுங்கள். காசு கொடுத்துத் தங்க வருகிறவர் ஈரக் கையோடு குழாயைத் திறக்கும் இடத்தில் அதை எடுத்துவிட்டேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே சார்.

கேத்தி_கேரட்:
எனக்கு ரெண்டு பேரிடமும் சண்டை. ஆர்.சி.சி.பி. என்பது உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு சாமான், இறுகிப்போகும். டெஸ்ட் பட்டனை யார் அமுக்குகிறார்கள்? குழாய், கீசர், ஷவர் எல்லாவற்றையும் 4 சதுர மி.மீ. காப்பர் வயரால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் எதைத் தொட்டாலும் ஒரே வோல்டேஜ். வித்தியாசம் இல்லாத இடத்தில் ஷாக் ஏது? காப்பர் தூங்காது.

ஓம்_விதி:
கையால் தொடுவது எல்லாம் ஒரே வோல்டேஜ்தான், ஒத்துக்கொள்கிறேன். கால் எங்கே நிற்கிறது? ஈரத் தரையில். அந்தத் தரைக்கு நீங்கள் வயர் கட்டவில்லை. எர்த் மோசமாக இருந்து ஆர்.சி.சி.பி.யும் இல்லையென்றால் கீசரில் மட்டும் இருந்த 200 வோல்டைக் குழாய்க்கும் ஷவருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிறீர்கள். குன்னூர் நண்பர் வீட்டில் நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அந்தக் காலத்தில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் ஓடியவரை எப்படியோ ஒப்பேறியது. வெளியே பிளாஸ்டிக் போட்டதும் மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்தது. இப்போது கீசர் கசிவு சுவருக்குள் இருக்கும் இரும்பில் தேங்கி நிற்கிறது.

பிரிட்டனில் 2008 விதிகளிலிருந்து, பாத்ரூம் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பும் குழாய்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் முறையான பாண்டிங்கும் (எர்த்தோடு வயரால் சேர்ப்பது) இருந்தால் பாத்ரூமுக்குள் தனியாகச் சேர்த்துக் கட்டுவதை விட்டுவிடலாம்.

கேத்தி_கேரட்:
'நுழையும் இடத்தில் பாண்டிங்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டியவை) ஒரே இரும்புக் குழாய் பத்து வீட்டுக்கு ஓடுகிறது. பக்கத்து வீட்டு இம்மர்ஷன் ஹீட்டர் கசிந்தால் என் குழாயில் ஏறும். என் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அங்கே காப்பர்தான் காப்பாற்றும்.

ஓம்_விதி:
லைன் வீட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் ஆர்.சி.சி.பி. என் லைனை மட்டும்தான் பார்க்கும்.

குன்னூர்_மூடுபனி:
திறந்து பார்க்கச் சொன்னேன். எர்த் வயர் குழாயில் கிளாம்ப் போட்டுத்தான் இருக்கிறது. இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த் பின்னையும் கோத்துவிட்டால் செலவே இல்லையாம்.

மெயின்போர்டு_மாமா:
அந்த ஆளை வீட்டு வாசலிலேயே நிறுத்து! காற்று மழையில் கற்பூர மரம் லைன் மேல் விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், வீட்டில் ஒரு லைட் எரியப் போட்டாலும் கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட். கீசர் நல்ல கீசராக இருந்தாலும் அப்படித்தான்.

ஓம்_விதி:
இதில் மாமாவுக்கு என் ஓட்டு. கீசர் எலிமென்டை (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மாற்றுங்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான். ஆர்.சி.சி.பி. போடுங்கள். எர்த் வயரைக் குழாயிலிருந்து பிரித்து, மண்ணில் இறக்கும் புது எர்த் ராடிலிருந்து தனியாக இழுங்கள். குழி வேண்டாம் என்றவர் பேச்சையும் கேட்காதீர்கள். எர்த்தே இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. விழுவதற்கு ஓர் ஆள் தொட வேண்டியிருக்கும்.

குன்னூர்_மூடுபனி:
ரெண்டடியில் பாறை வருகிறதே?

மெயின்போர்டு_மாமா:
சரிவில் கீழ்ப்பக்கம், சமையல்கட்டுத் தண்ணீர் போகிற இடத்தில் வாழை நிற்குமே, அங்கே இறங்கும். ரெண்டு ராடு, நடுவே நல்ல இடைவெளி. கரியும் உப்பும் போட்டு மூடினால் தீர்ந்தது.

ஓம்_விதி:
உப்பு மழையில் கரைந்து ஓடும், இருக்கிற வரை ராடைத் தின்னும். ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் போடுங்கள் மாமா.

மெயின்போர்டு_மாமா:
மூட்டைக்குக் காசு நீ கொடுப்பாயா?

குன்னூர்_மூடுபனி:
நான் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா மாமா?