அந்தமான் பயணம்: குழந்தைக்குக் கொசு க்ரீம் தேவையா?

காட்பாடிக்காரன்:
டிசம்பரில் அந்தமான் போகிறோம். இரண்டு வயது மகளும் வருகிறாள். கொசுவலை, வேப்பெண்ணெய் எடுத்து வைத்தாயிற்று. கொசு க்ரீம் வேண்டாம் என்பது என் முடிவு. வேலூரில் பார்க்காத கொசுவா?

சத்துவாச்சாரி செல்வி:
அண்ணா, கொசு எல்லாம் ஒன்றில்லை. ராத்திரி நம் காதில் ரீங்காரமிடுவது சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பிறகு கொஞ்ச நேரம், பொழுது சாய்வதற்கு முன்பு கொஞ்ச நேரம், அப்போதுதான் அதிகம். காலில் வெள்ளை வரி இருக்கும். பெரும்பாலும் கணுக்காலைத் தேடும். நீங்கள் கடற்கரையில் இருக்கப்போவதும் அதே நேரம்தான். வலை அறையில் கிடக்கும்.

ஆற்காடு வாத்தியார்:
எங்கள் வீட்டில் இன்றும் நொச்சி இலைப் புகைதான். பச்சைக் குழந்தையின் தோலில் ரசாயனம் பூசச் சொல்வது சரியில்லை அம்மா.

சத்துவாச்சாரி செல்வி:
சார், கடற்காற்றில் புகை நிற்குமா? வேப்பெண்ணெயும் நெடுநேரம் தாங்காது. கொசுவை விரட்டும் டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த க்ரீமை இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பூசலாம். 20 சதவீதம் இருந்தால் சில மணி நேரம் காக்கும். முதலில் உங்கள் கையில் எடுத்துப் பிறகு அவளுக்குத் தடவுங்கள். அவள் விரல்களில் மட்டும் வேண்டாம், வாயில் வைப்பாள். நான் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2006இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா வந்தபோது என் பாட்டி தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். காய்ச்சல் போய் மூன்று மாதமாகியும் விரல் மடங்கவில்லை. அதைப் பரப்பியதும் இதே ஏடிஸ்தான்.

காட்பாடிக்காரன்:
வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் பூசணுமே, எது முதலில்?

சத்துவாச்சாரி செல்வி:
சன்ஸ்கிரீன் முதலில். அது காய்ந்ததும் கொசு க்ரீம். கடலில் குளித்து வந்தால் இரண்டையும் மறுபடி பூசணும்.

ஆற்காடு வாத்தியார்:
பகலுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலையை வீட்டில் விட்டுப் போகாதே தம்பி. அங்கே மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு, உப்பு கலந்த தேங்கு நீரிலும் வளரும், கடிப்பது ராத்திரியில். குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் எடுத்து வை. க்ரீமைக் குறைவாகப் பூசினால் போதும்.

சத்துவாச்சாரி செல்வி:
வலை விஷயத்தில் சார் சொல்வது சரி. அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் (இப்போது ஸ்வராஜ் தீவு) கடற்கரையில் கடிக்கும் மணல் ஈயும் உண்டு, ஈர மணலில் துண்டு விரிக்காமல் உட்காராதீர்கள். ஊர் திரும்பியபின் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதலில் அந்தமான் போய்வந்ததைச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
சரிம்மா. நாளைக்கு மருந்துக்கடையில் டீட் எத்தனை சதவீதம் என்று அட்டையைப் பார்த்தே வாங்குகிறேன். வலையும் பெட்டியில் இருக்கும்.